போர்முனையில் பிறக்காத பிஸ்கட்

1915 ஏப்ரல் 25 விடியற்காலையில் ஆஸ்திரேலிய, நியூசிலாந்துப் படைகள் துருக்கியின் கலிப்போலிக் கரையில் இறங்கின. அடுத்த எட்டு மாதம் செங்குத்தான மேடுகளில் பதுங்குகுழி வெட்டிக்கொண்டு கிடந்த அந்த வீரர்களுக்கு முக்கிய உணவாகக் கிடைத்தவை இரண்டு: டின்னில் அடைத்த உப்பு மாட்டிறைச்சி, ஈரப்பசையே இல்லாமல் சுட்டெடுத்த சதுர பிஸ்கட். ஆஸ்திரேலிய, நியூசிலாந்துப் படையணியின் ஆங்கிலச் சுருக்கப்பெயர் ஆன்சாக்; 'ஆன்சாக் ஓடு' என்றே அந்தப் பிஸ்கட்டுக்குப் பட்டப்பெயர் விழுந்தது. அதைக் கடித்துப் பல் உடைந்தவர்கள் உண்டு. கட்டுப்பல் வைத்திருந்தவர்கள் பாடு இன்னும் மோசம். நொறுக்கித் தூளாக்கி, தண்ணீரில் ஊறவைத்து, கஞ்சியாகக் காய்ச்சிக் குடித்தால்தான் உள்ளே இறங்கும். சிலர் அதன் மேல் பேனாவால் செய்தி எழுதி, அஞ்சலட்டைபோல் வீட்டுக்கு அனுப்பிவைத்தார்கள். அப்படி எழுதிய பிஸ்கட்டுகள் நூறாண்டு தாண்டியும் அருங்காட்சியகங்களில் பத்திரமாக இருக்கின்றன.

இந்தப் பிஸ்கட்டை இன்று யாரும் ஆசைப்பட்டுச் சுடுவதில்லை. ஆஸ்திரேலியாவிலும் நியூசிலாந்திலும் ஒவ்வோர் ஏப்ரலிலும் வீடு வீடாகச் சுடப்படும் ஆன்சாக் பிஸ்கட் முற்றிலும் வேறொன்று. ஓட்ஸ், மைதா, சர்க்கரை, வெண்ணெய், கோல்டன் சிரப், தேங்காய்த் துருவல் சேர்ந்தது. முட்டை கிடையாது. தட்டில் வைத்த சிறு உருண்டை அடுப்புச் சூட்டில் இளகிப் பரவி மெல்லிய வட்டமாகிவிடும். ஓரம் பொன்னிறத்தில் முறுகி, நடுப்பகுதி சவைக்கச் சவைக்க இழுவையாக இருக்கும்.

இதன் பிறப்பைப் பற்றிப் பரவலாகச் சொல்லப்படும் கதை ஒன்று உண்டு. போர்முனையில் இருந்த கணவனுக்கும் மகனுக்கும் சத்தான தின்பண்டம் அனுப்ப நினைத்த பெண்கள், கப்பலில் இரண்டு மாதம் பயணம் செய்தாலும் கெடாத பிஸ்கட் ஒன்றைக் கண்டுபிடித்தார்கள். முட்டை கிடைக்காததால் மாவைப் பிணைக்க கோல்டன் சிரப்பைச் சேர்த்தார்கள். தேயிலை வந்த காலி டின்களில் நிரப்பிக் கலிப்போலிக்கு அனுப்பினார்கள். கேட்பதற்கு நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அச்சில் கிடைக்கும் பழைய சமையல் குறிப்புகளை வரிசைப்படுத்திப் பார்த்தால் இந்தக் கதை அப்படியே நிற்பதில்லை.

ஓடாகோ பல்கலைக்கழகத்தின் மானிடவியலாளர் ஹெலன் லீச் போன்றவர்கள் பழைய சமையல் புத்தகங்களைப் பதிப்பு பதிப்பாக ஒப்பிட்டுப் பார்த்திருக்கிறார்கள். 1917-இல் சிட்னியில் போர் நிதிக்காக வெளியான 'வார் செஸ்ட் குக்கரி புக்' என்ற புத்தகத்தில் 'ஆன்சாக் பிஸ்கட்' என்ற தலைப்பில் ஒரு குறிப்பு இருக்கிறது. ஆனால் அது வேறு பிஸ்கட். இன்றைய பண்டத்தின் முன்னோடி அதே புத்தகத்தில் 'ரோல்டு ஓட்ஸ் பிஸ்கட்' என்ற சாதாரணப் பெயரில் இருக்கிறது. பெயரும் பண்டமும் ஒன்றாகச் சேர்வது போர் முடிந்த பிறகு, 1921-இல், நியூசிலாந்தின் டனீடின் நகரில் வெளியான 'செயின்ட் ஆண்ட்ரூஸ் குக்கரி புக்'கின் ஒன்பதாம் பதிப்பில். அங்கே அதற்கு 'ஆன்சாக் கிரிஸ்பீஸ்' என்று பெயர். பின்வந்த பதிப்புகளில் 'ஆன்சாக் பிஸ்கட்' ஆனது. ஆஸ்திரேலியப் புத்தகங்களும் அதைப் பின்பற்றின.

அப்படியானால் போர்க்காலத்தில் பெண்கள் ஓட்ஸ் பிஸ்கட் சுடவில்லையா? சுட்டார்கள், ஏராளமாகவே சுட்டார்கள். 'சோல்ஜர்ஸ் பிஸ்கட்' என்றே அவற்றை அழைத்தார்கள். நியூசிலாந்தின் தேசிய ராணுவ அருங்காட்சியகம் தரும் விளக்கப்படி, அவற்றில் பெரும்பகுதி உள்ளூர்த் திருவிழாக்களிலும் ஊர்வலங்களிலும் தேவாலய வளாகச் சந்தைகளிலும் விற்கப்பட்டு, அங்கேயே தின்று தீர்க்கப்பட்டது. விற்ற பணம் போர் நிதிக்குப் போனது. அந்த நிதியிலிருந்து வீரர்களுக்குக் காலுறையும் கம்பளியும் மருந்தும் போயின. கலிப்போலியில் 8,000-க்கும் அதிகமான ஆஸ்திரேலியர்களும் 2,700-க்கும் அதிகமான நியூசிலாந்துக்காரர்களும் மாண்டார்கள். சிறிய மக்கள்தொகை கொண்ட நாடுகளில் அந்தச் சாவு எட்டாத தெரு இல்லை. தட்டு தட்டாகச் சுட்டு, காகிதத்தில் பொதிந்து, சந்தையில் மேசை போட்டு விற்ற பெண்களின் உழைப்பு அந்தத் துயரத்துக்கு நடுவே நடந்தது. பார்சல் கதையை மட்டும் பிடித்துக்கொண்டதில் இந்த உழைப்பு மறக்கப்பட்டதுதான் இழப்பு.

இந்தப் பிஸ்கட் உருப்பெற்ற ஊர்களில் டனீடினுக்குத் தனி இடம் உண்டு. ஸ்காட்லாந்தின் சுதந்திரத் திருச்சபையைச் சேர்ந்தவர்கள் 1848-இல் குடியேறி அமைத்த நகரம் அது. அவர்கள் கொண்டுவந்தவற்றில் ஓட்ஸ் தின்னும் பழக்கமும் ஒன்று. கோதுமை சரியாக விளையாத குளிர்ந்த, ஈரமான ஸ்காட்லாந்து மலைநாட்டில் ஓட்ஸ்தான் ஏழைகளின் தானியம். அதன் மாவைப் பிசைந்து, கனத்த இரும்புக்கல்லில் ரொட்டியாகச் சுட்டுத் தின்றார்கள். 14-ஆம் நூற்றாண்டில் பிரெஞ்சு வரலாற்றாசிரியர் ழான் ஃப்ருவாசார், ஸ்காட்டியப் படைவீரர்கள் குதிரைச் சேணத்துக்கடியில் ஒரு தகட்டையும் பின்னால் ஒரு பை ஓட்ஸ் மாவையும் எடுத்துப்போவதை வியந்து எழுதியிருக்கிறார். பசித்தபோது நெருப்பு மூட்டித் தகட்டைக் காயவைத்து ரொட்டி சுட்டுக்கொள்வார்களாம்.

டனீடின் இருக்கும் ஓடாகோவும் அதற்குத் தெற்கே உள்ள சவுத்லாந்தும் ஸ்காட்லாந்தின் தட்பவெப்பத்தையே ஒத்தவை. ஓட்ஸ் செழித்தது. சவுத்லாந்தின் கோர் நகரத்து ஆலையில் தயாரான 'கிரீமோட்டா' ஓட்ஸ் கஞ்சியைக் குடித்து வளராத நியூசிலாந்துக் குழந்தைகள் அந்தக் காலத்தில் குறைவு. அதன் பாக்கெட்டில் சிரித்த 'சார்ஜன்ட் டான்' என்ற சிறுவன் உருவத்தை அந்நாட்டு முதியவர்கள் இன்றும் அடையாளம் சொல்வார்கள்.

ஆனால் பழைய ஓட்ஸ் மாவை வைத்து இந்தப் பிஸ்கட்டைச் செய்ய முடியாது. அதற்கு ஓட்ஸ் அவல் வேண்டும். உமி நீக்கிய ஓட்ஸ் மணியை ஆவியில் வேகவைத்து, இரும்பு உருளைகளுக்கிடையே விட்டுத் தட்டையாக்கும் முறை 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அமெரிக்காவில் பெரிய தொழிலாக வளர்ந்தது. ஒஹாயோ மாநிலத்தின் ஏக்ரன் நகரில் மளிகைக்கடை நடத்திய ஃபெர்டினாண்ட் ஷூமாக்கர் என்ற ஜெர்மானியர் 1850-களில் ஓட்ஸ் அரைத்து விற்கத் தொடங்கியவர். உள்நாட்டுப் போரில் வடபகுதிப் படைக்கு ஓட்ஸ் விற்றுப் பெரும் ஆலை முதலாளியானார். பக்கத்து ஊரான ரவென்னாவில் இருந்த குவேக்கர் ஆலை 1877-இல் தன் சின்னத்தைப் பதிவுசெய்தது. போட்டியாளர்கள் 1888-இல் ஒன்றிணைந்தார்கள். 1901-இல் குவேக்கர் ஓட்ஸ் கம்பெனி உருவானது. குதிரைத் தீவனமாகப் பார்க்கப்பட்ட தானியம் அட்டைப் பெட்டிக்குள் புகுந்து நடுத்தர வர்க்கத்தின் காலை உணவானது.

அமெரிக்க ஓட்மீல் குக்கீக்கும் அந்தப் பெட்டிதான் வழிகாட்டி. ஃபேனி ஃபார்மர் 1896-இல் வெளியிட்ட பாஸ்டன் சமையல் பள்ளிப் புத்தகத்தில் ஓட்மீல் குக்கீக்கான குறிப்பு ஒன்று இருக்கிறது. அது மாவைத் தேய்த்து வெட்டிச் சுடும் வகை. 1908-இல் குவேக்கர் நிறுவனம் குக்கீ செய்முறையைப் பெட்டியிலேயே அச்சிட்டது. ஓட்ஸ் வாங்கிய ஒவ்வொரு வீட்டிலும் அந்தக் குறிப்பு இலவசமாக வந்து சேர்ந்தது. அங்கே முட்டையும் உலர் திராட்சையும் சேர்ந்து குக்கீ தடித்தது. தென் பசிபிக்கில் முட்டை இல்லாமல், பாகின் பலத்தில் மெலிந்தது.

அந்தப் பாகுக்கும் ஒரு வரலாறு உண்டு. கரும்புச் சர்க்கரையைச் சுத்திகரிக்கும்போது மிஞ்சும் பாகை முன்பு மலிவாக விற்றுத் தள்ளினார்கள். ஸ்காட்லாந்தின் கிரீனக் துறைமுகத்திலிருந்து லண்டனுக்கு வந்து பிளேஸ்டோவில் ஆலை அமைத்த ஆப்ரம் லைல், 1883-இல் வேதியியலாளர் சார்லஸ் ஈஸ்டிக்கின் துணையோடு அதைப் பொன்னிறமான, உறையாத இனிப்புப் பாகாக மாற்றினார். முதலில் மரப்பீப்பாய்களில் ஆலைத் தொழிலாளர்களுக்கும் அக்கம்பக்கத்தாருக்கும் விற்றார்கள். 1885-இல் டின் வந்தது. ஆக்லாந்து துறைமுகத்தின் எதிர்க்கரையில், பர்க்கன்ஹெட்டில், 1884-இல் செல்சி சர்க்கரை ஆலை தொடங்கப்பட்டது. அதுவும் கோல்டன் சிரப் தயாரித்தது. வெண்ணெய்க்கு ஈடாக ரொட்டியில் தடவித் தின்னும் அளவுக்கு அது மலிவாகவும் எங்கும் கிடைப்பதாகவும் ஆனது.

செல்சி ஆலையை நிறுவியது சிட்னியைச் சேர்ந்த கொலோனியல் சுகர் ரிஃபைனிங் கம்பெனி. அதற்கு வேண்டிய கச்சாச் சர்க்கரை வந்த இடங்களில் ஒன்று பிஜித் தீவுகள். அங்கே நவுசோரியில் 1882-இலும் லவுத்தோகாவில் 1903-இலும் அதே கம்பெனி ஆலைகளை நடத்தத் தொடங்கியது. கரும்பு வெட்டியவர்கள் ஒப்பந்தக் கூலிகளாகக் கப்பலேற்றப்பட்ட இந்தியர்கள். 1879 முதல் 1916 வரை 60,000-க்கும் அதிகமானோர் போனார்கள். 1903-இலிருந்து மதராஸ் துறைமுகம் வழியாகத் தமிழர்களும் தெலுங்கர்களும் மலையாளிகளுமாகச் சுமார் 15,000 பேர் சேர்ந்தார்கள். ஐந்தாண்டு ஒப்பந்தம். நாளுக்கு இவ்வளவு என்று அளந்து கொடுக்கும் வேலையை முடிக்காவிட்டால் கூலி பிடித்தம். மேஸ்திரியின் அடி உதை. அந்தத் தோட்டங்களில் பெண்கள் பட்ட அவமானத்தைத்தான் பாரதியார் பாட்டாகப் பாடினார். ஒப்பந்த முறை 1920-இல்தான் முழுவதுமாக ஒழிந்தது. டனீடின் சமையல் புத்தகத்தில் 'ஆன்சாக் கிரிஸ்பீஸ்' அச்சானது அதற்கு அடுத்த ஆண்டு. டின்னைத் திறந்த பெண்ணுக்கும் கரும்பு வெட்டிய பெண்ணுக்கும் ஒருவர் இருப்பது மற்றவருக்குத் தெரியாது. இருவர் கைபட்டுத்தான் அந்த இனிப்பு வந்தது.

வெண்ணெய் உள்ளூர்ச் சரக்கு. 1882 பிப்ரவரியில், டனீடின் என்றே பெயர் கொண்ட பாய்மரக் கப்பல் போர்ட் சால்மர்ஸ் துறைமுகத்திலிருந்து உறைந்த இறைச்சியை ஏற்றிக்கொண்டு இங்கிலாந்துக்குப் புறப்பட்டது. குளிர்பதனக் கப்பல் போக்குவரத்து வந்த பிறகு நியூசிலாந்தின் புல்வெளிகள் பால் பண்ணைகளாயின. அடுப்பும் உள்ளூர்தான். ஹென்றி ஷாக்லாக் டனீடினில் உருவாக்கிய 'ஓரியன்' இரும்பு அடுப்பு, ஓடாகோவில் கிடைக்கும் பழுப்பு நிலக்கரியை எரிக்கவே வடிவமைக்கப்பட்டது. சூட்டைக் காட்டும் முள் கிடையாது. பக்குவம் தெரிந்தவர்கள் கதவைத் திறந்து கையை உள்ளே நீட்டி, எவ்வளவு நேரம் தாங்குகிறது என்று பார்த்துச் சூட்டைக் கணிப்பார்கள்.

அந்த அடுப்புக்கு முன்னால் நடந்த வேலை இன்றும் பெரிதாக மாறவில்லை. ஒரு கப் ஓட்ஸ், ஒரு கப் மைதா, ஒரு கப் சர்க்கரை, அரைக் கப் உலர்ந்த தேங்காய்த் துருவல் ஆகியவற்றைப் பெரிய பாத்திரத்தில் கலந்துவைப்பார்கள். 125 கிராம் வெண்ணெயும் இரண்டு மேசைக்கரண்டி கோல்டன் சிரப்பும் சிறு தீயில் உருகும். அரைத் தேக்கரண்டி சமையல் சோடாவை ஒரு மேசைக்கரண்டி கொதிநீரில் கரைத்து அந்த உருகலில் ஊற்றியதும், கலவை சீறிப் பொங்கி, நிறம் வெளுத்து, பாத்திரத்தின் விளிம்புக்கு ஏறிவரும். நுரை அடங்குவதற்குள் ஓட்ஸில் கொட்டிக் கிளற வேண்டும். சின்னப் பாத்திரம் வைத்தவர்களுக்கு அடுப்பைத் துடைக்கும் வேலை மிச்சம். பிறகு சிறு உருண்டைகளாக உருட்டி, நன்றாக இடம்விட்டுத் தட்டில் அடுக்கி, 160 டிகிரி செல்சியஸில் சுடுவார்கள்.

இந்தப் பொங்குதலில்தான் மெலிவின் ரகசியம் இருக்கிறது. கோல்டன் சிரப்பில் உள்ள லேசான புளிப்பு சோடாவோடு சேர்ந்து கரியமில வாயுவைக் கிளப்புகிறது. மிஞ்சும் சோடா மாவைக் காரத்தன்மையாக்குகிறது. அதனால் மாவு இறுகத் தாமதமாகி, உருண்டை தட்டில் தாராளமாகப் பரவுகிறது, சீக்கிரம் சிவக்கிறது. முட்டை இருந்திருந்தால் சூட்டில் உறைந்து அந்தப் பரவலைத் தடுத்திருக்கும். இழுவைக்குக் காரணமும் சிரப்தான். சாதாரணச் சர்க்கரையின் ஒரு பகுதி அதில் குளுக்கோஸாகவும் ஃபிரக்டோஸாகவும் பிரிந்திருக்கிறது; இவை ஆறினாலும் எளிதில் படிகமாவதில்லை. ஃபிரக்டோஸ் காற்றிலிருந்து ஈரத்தையும் இழுத்துக்கொள்ளும். ஆகவே 12 நிமிடத்தில் வெளியே எடுத்தால் நடு இளகலாக நின்று ஆறிய பின் சவைக்க வரும். இன்னும் ஐந்தாறு நிமிடம் விட்டுவைத்தால் ஈரம் வெளியேறி மொறுமொறுவென்று ஆகிவிடும்.

தேங்காய் பின்னால் வந்து சேர்ந்த பொருள். முதல் குறிப்புகளில் அது இல்லை. 1920-களில்தான் தென்படத் தொடங்குகிறது. தேங்காயை ஓடு நீக்கி, பருப்பின் மேலுள்ள பழுப்புத் தோலைக் கத்தியால் சீவி, கழுவித் துருவி, சூட்டில் காயவைத்து ஏற்றுமதி செய்யும் தொழில் 19-ஆம் நூற்றாண்டின் கடைசிப் பகுதியில் இலங்கையில் வேரூன்றியது. கொழும்புக்கு வடக்கே குருநாகல், சிலாபம், புத்தளம் வரை விரிந்த தென்னந்தோப்புகளின் காய்கள் பெட்டிகளில் அடைபட்டு உலகெங்கும் உள்ள பேக்கரிகளுக்குப் போயின. ஆஸ்திரேலியச் சமையலறைகளில் லாமிங்டன் கேக்கின் மேல் தூவிய துருவல், ஓட்ஸ் பிஸ்கட்டுக்குள்ளும் புகுந்தது.

கொழும்புத் துறைமுகம் அதற்கு முன்பே இந்தக் கதையைத் தொட்டிருந்தது. 1914 நவம்பர் 1 அன்று மேற்கு ஆஸ்திரேலியாவின் ஆல்பனியிலிருந்து புறப்பட்ட முதல் ஆன்சாக் கப்பல் அணி கொழும்பு வழியாகத்தான் எகிப்துக்குப் போனது. வழியில், அணிக்குக் காவலாக வந்த 'சிட்னி' போர்க்கப்பல் நவம்பர் 9-ஆம் தேதி கோகோஸ் தீவருகே ஒரு ஜெர்மன் கப்பலை அடித்து முடக்கியது. அதே ஆண்டு செப்டம்பர் 22 இரவில் சென்னைத் துறைமுகத்தின் எண்ணெய்க் கிடங்குகளைக் கொளுத்திவிட்டுப் போன எம்டன்தான் அது.

போர் முடிவதற்கு முன்பே ஆன்சாக் என்ற பெயர் சட்டத்தின் காவலுக்குள் வந்துவிட்டது. வியாபாரிகள் கண்ட பொருளுக்கெல்லாம் அந்தப் பெயரை வைக்கத் தொடங்கியதால் நியூசிலாந்து 1916 ஆகஸ்டில் தடை விதித்தது. ஆஸ்திரேலியாவும் போர்க்கால விதிகளால் கட்டுப்படுத்தி, 1921-இல் தனி ஒழுங்குவிதிகளைக் கொண்டுவந்தது. அவை இன்றும் நடைமுறையில் உள்ளன. பிஸ்கட்டுக்கு விலக்கு உண்டு: வழக்கமான செய்முறையை விட்டு அதிகம் விலகக் கூடாது, 'குக்கீ' என்று பெயரிட்டு விற்கவும் கூடாது. சாக்லேட் துண்டு போட்டோ கிரீம் வைத்தோ அந்தப் பெயரில் விற்க முயல்பவர்களுக்கு ஆஸ்திரேலிய அரசின் முன்னாள் படைவீரர் விவகாரத் துறை அனுமதி தருவதில்லை. வீட்டுச் சமையலில் பிறந்த ஒரு தின்பண்டத்துக்கு அரசே பக்குவம் காக்கும் இந்த ஏற்பாடு வேறெங்கும் எளிதில் காணக்கிடைக்காது.

சட்டம் தலையிடாத ஒரு வழக்கு மட்டும் வீடுகளில் ஓய்வதில்லை. மொறுமொறுப்பா, இழுவையா? 1921-ஆம் ஆண்டுப் பெயரைப் பார்த்தால் மொறுமொறுப்புக் கட்சிக்குத்தான் பழமையின் ஆதரவு. டின்னில் வாரக்கணக்கில் வைத்துத் தின்றவர்களுக்கு அது வசதி. இழுவைக் கட்சிக்காரர்கள் வெள்ளைச் சர்க்கரையைக் குறைத்துப் பழுப்புச் சர்க்கரையைக் கூட்டுகிறார்கள். சிரப்பை ஒரு கரண்டி அதிகம் விடுகிறார்கள். ஓரம் சிவந்ததுமே தட்டை வெளியே எடுத்து, பிஸ்கட்டைத் தொடாமல் ஐந்து நிமிடம் ஆறவிடுகிறார்கள். அவசரப்பட்டு எடுத்தால் நடுவில் பிய்ந்துவிடும்.

ஏப்ரல் மாதத்தில் அந்நாடுகளின் பள்ளிகளில் குழந்தைகள் இதைச் செய்து பழகுகிறார்கள். முன்னாள் படைவீரர் சங்கங்கள் விற்று நிதி திரட்டுகின்றன. போர்க்காலத்தில் பெண்கள் தொடங்கிவைத்த வழக்கம் அந்த வகையில் அறுபடவில்லை. முட்டை சேராததால் மெல்பர்னிலும் சிட்னியிலும் வாழும் தமிழ்க் குடும்பங்களில் சைவம் சாப்பிடுகிறவர்களுக்கும் தடையில்லை. பிஜியில் 1987-இல் நடந்த ராணுவக் கவிழ்ப்புகளுக்குப் பிறகு இந்திய வம்சாவளியினர் ஆயிரக்கணக்கில் நியூசிலாந்துக்குக் குடிபெயர்ந்தார்கள். மதராஸிலிருந்து கரும்புத் தோட்டத்துக்குப் போனவர்களின் பேரப்பிள்ளைகளும் அவர்களில் உண்டு. ஆக்லாந்தில் அவர்கள் கடையில் எடுக்கும் கோல்டன் சிரப்பில் செல்சியின் பெயர் இருக்கிறது. பர்க்கன்ஹெட் கரையில் அந்த ஆலை இன்றும் ஓடுகிறது.